எண் வேறு, எழுத்து வேறு

(வெள்ளி விழாவையொட்டி, சங்கத்தின் படிப்பகத்தில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கணக்கைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்திருப்பது சற்றுத் துணிச்சலான காரியந்தான். கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததுமே பின்வரிசையில் சிலருடைய முகம் மாறுவதை இங்கிருந்தே காண்கிறேன். அஞ்ச வேண்டாம். கூட்டவும் கழிக்கவும் வகுக்கவும் தெரிந்தவர்க்கு விளங்காத எதையும் இன்று நான் சொல்லப் போவதில்லை. எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஓர் எண். ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு என்பது அதன் பெயர். அதைப் பலவாறாக எழுதிப் பார்க்கப் போகிறோம். எழுதும் முறை மாறும்போது அந்த எண்ணின் எந்தக் குணம் மாறுகிறது, எந்தக் குணம் மாறாமல் நிற்கிறது என்பதுதான் நம் கேள்வி.

கையில் தாளும் எழுதுகோலும் உள்ளவர்கள் என்னோடு சேர்ந்து போடுங்கள். நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு 1950. அதன் நான்கு இலக்கங்களையும் பெரியது முதலாக அடுக்கினால் 9510. சிறியது முதலாக அடுக்கினால் 0159. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 9351 வரும். இதனையும் அவ்வாறே அடுக்கிக் கழியுங்கள்: 9531இலிருந்து 1359 போக 8172. மீண்டும் 8721இலிருந்து 1278 போக 7443. அடுத்து 7443இலிருந்து 3447 போக 3996. பின்னர் 9963இலிருந்து 3699 போக 6264. பின்னர் 6642இலிருந்து 2466 போக 4176. பின்னர் 7641இலிருந்து 1467 போக 6174. நிற்காமல் இன்னும் ஒரு முறை கழித்துப் பாருங்கள். 6174இன் இலக்கங்களை அடுக்கினாலும் அதே 7641, அதே 1467; விடையும் அதே 6174. ஏழு படிகளில் வந்து சேர்ந்த எண் அதற்கு மேல் நகர மறுக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஆண்டாகிய 1891ஐ எடுத்துக்கொண்டால் ஐந்தே படிகளில் அதே இடத்திற்கு வந்து சேர்வீர்கள். 1111, 2222 என்பன போல நான்கு இலக்கங்களும் ஒன்றாகவே உள்ளவற்றை விட்டுவிட்டால், எந்த நான்கிலக்க எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174ஐ அடைந்தே தீர வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேக்கர் என்று பெயர். 1905ஆம் ஆண்டில் மராட்டியப் பகுதியைச் சேர்ந்த டஹாணுவில் பிறந்து, 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் ஆசிரியப் பணி ஆற்றினார். முதுகலைப் பட்டம் பெற்றவர் அல்லர். இந்த 6174 பற்றிய செய்தியை அவர் முதலில் அறிவித்த இடம் நம் சென்னை மாநகர். 1949இல் இங்கு நடந்த கணித மாநாட்டில்தான் அதை வெளியிட்டார். கற்றறிந்த கணித வல்லுநர் பலர் அவருடைய ஆய்வுகளைச் சிறுபிள்ளை விளையாட்டு என்றே ஒதுக்கினர். 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், ‘சயண்டிபிக் அமெரிக்கன்’ இதழில் தம் கணிதப் பகுதியில் அவரைப் பற்றி எழுதிய பின்னரே உலகெங்கும் அவர் பெயர் பரவிற்று. 1986இல் அவர் மறைந்தார். இன்றைக்கு அவரை ஒதுக்கியவர்களின் பெயர் யார் நினைவிலும் இல்லை; 6174 மட்டும் ‘காப்ரேக்கர் மாறிலி’ என்று வழங்கி வருகிறது.

ஆயினும், ஒதுக்கியவர்கள் எழுப்பிய கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அடுக்குவதும் கழிப்பதும் 6, 1, 7, 4 என்னும் இலக்கங்களைக் கொண்டு செய்யும் வேலை. இலக்கங்கள் எண்ணுக்குச் சொந்தமா, நாம் எழுதும் முறைக்குச் சொந்தமா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் எண்களை வேறு முறையிலும் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்.

6174 என்று நாம் எழுதும்போது, ஆறு ஆயிரம், ஒரு நூறு, ஏழு பத்து, நான்கு ஒன்று என்று பொருள். ஓர் இடம் இடப்புறம் நகர்ந்தால் மதிப்புப் பத்து மடங்காகிறது. அந்தப் பத்தினையே அடிமானம் என்கிறோம். ஏன் பத்து? நம் இரு கைகளிலும் பத்து விரல்கள் இருப்பதே காரணம். பத்தில் வேறு தெய்விகம் ஒன்றும் இல்லை. பாபிலோனியர் அறுபதை அடிமானமாகக் கொண்டனர். நம் சுவர்க் கடிகாரத்தில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடு அமெரிக்காவின் மாயர்கள் இருபதைக் கொண்டனர். நம் முன்னோர் எழுதிய பழைய தமிழ் எண்முறையில் இதே எண் ௬௲௱௭௰௪ என்று வரும். அங்கே பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தமையால் சுழி தேவைப்படவில்லை.

பத்தல்லாத முறை நமக்குப் புதியதன்று என்பதற்கு வேறு சான்றும் தருகிறேன். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள், முகத்தலளவை வாய்பாட்டினை இன்னும் ஒப்பிப்பார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கடைசிப் படியாகிய மூன்றை விட்டுவிட்டால் எல்லாமே இரட்டித்துக்கொண்டு போகின்றன. எட்டு என்பதும் இரண்டை மும்முறை பெருக்கியதுதான். கணிப்பொறியின் அடிமானம் இரண்டு என்று கேட்டால் ஏதோ வேற்றுலகச் செய்தி போல வியக்கிறோம். ஆழாக்கும் உழக்கும் உரியும் நாழியும் நெற்களத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

நம் எண்ணை இப்போது நெல்லாக அளந்து பார்ப்போம். 6174 ஆழாக்கு நெல் என்றால் எவ்வளவு? நாழிக்கு 8 ஆழாக்கு, குறுணிக்கு 64, தூணிக்கு 256, கலத்திற்கு 768. எட்டுக் கலத்திற்கு 6144 ஆழாக்குப் போகும்; மீதி 30. அதில் மூன்று நாழிக்கு 24 போக மீதி 6. அந்த ஆறு, ஓர் உரியும் ஓர் உழக்கும் ஆகும். ஆகவே எட்டுக் கலம், மூன்று நாழி, உரி, உழக்கு. உதிரி ஆழாக்கு இல்லை. இதே எண்ணை இரண்டின் அடிமானத்தில் எழுதினால் 1100000011110 என்று பதின்மூன்று இலக்கங்கள் வரும். வலக்கோடியிலுள்ள சுழி, உதிரி ஆழாக்கு இல்லை என்கிறது. அடுத்த ஒன்று உழக்கு, அதற்கடுத்த ஒன்று உரி, பின்னுள்ள இரண்டு ஒன்றுகளும் சேர்ந்து மூன்று நாழி. இடக்கோடியில் உள்ள இரண்டு ஒன்றுகளில்தான் அந்த எட்டுக் கலமும் அடங்கியிருக்கிறது. நடுவில் ஆறு சுழிகள்.

களத்துமேட்டில் இந்த அளவுகளால் கூலி வாங்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். மரக்கால் என்று பெயர் ஒன்றாயினும் ஊருக்கு ஊர் அதன் கொள்ளளவு வேறாயிருந்தது. அளந்தவர் கையிலேயே கணக்கோலையும் இருந்தது. உழக்கும் உரியும் கைப்பழக்கத்தில் நன்கு தெரிந்தவர்களுக்கு, அவற்றை எழுதியவாறு படித்துச் சரிபார்க்கத் திண்ணைப் பள்ளியின் படி ஏற இடமில்லாமற் போயிற்று. இதனைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எழுதும் முறையை அறிந்தவனிடமே கணக்கு தங்கிவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பணமும் அப்படியே. 1957 ஏப்ரல் முதல் நாள்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. 6174 பை என்றால் முப்பத்திரண்டு ரூபாய், இரண்டு அணா, ஆறு பை. இன்று 6174 காசு என்றால் அறுபத்தொரு ரூபாய் எழுபத்து நான்கு காசு என்று எழுதாமலே தெரிகிறது. நூறு காசு முறை எழுத்து முறையோடு ஒத்துப்போவதனால் வந்த எளிமை அது.

இனி, எவரும் வழக்கில் கொள்ளாத அடிமானங்களுக்குச் செல்வோம். மாற்றும் வழி மிக எளிது. எந்த அடிமானம் வேண்டுமோ அந்த எண்ணால் மீண்டும் மீண்டும் வகுத்து, மீதிகளை வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டு போக வேண்டும். ஏழினால் வகுக்கலாம். 6174ஐ ஏழால் வகுத்தால் ஈவு 882, மீதி 0. 882ஐ வகுத்தால் 126, மீதி 0. 126ஐ வகுத்தால் 18, மீதி 0. 18ஐ வகுத்தால் 2, மீதி 4. கடைசியில் 2. எனவே ஏழின் அடிமானத்தில் இந்த எண் 24000. இதனை இருபத்து நாலாயிரம் என்று படிக்கக் கூடாது. ஆயிரம் என்ற சொல்லே பத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு, நான்கு, சுழி, சுழி, சுழி என்று படித்துக்கொள்ளுங்கள்.

மூன்று சுழிகள் ஏன் வந்தன? 6174க்குள் ஏழு மூன்று முறை பெருக்கமாக அடங்கியிருக்கிறது. அதன் பகாக் காரணிகள் 2, 3, 3, 7, 7, 7 என்பவை. பத்தின் அடிமானத்தில் 6174ஐ எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஏழு கண்ணில் படுவதில்லை. ஏழின் அடிமானத்தில் அது முகத்தின் முன் வந்து நிற்கிறது. ஏழு அங்கே புதிதாக வந்து புகுந்ததன்று. முன்னும் இருந்தது, எழுத்து அதை மறைத்து வைத்திருந்தது.

இதைவிட அழகான காட்சி பதினெட்டின் அடிமானத்தில் உண்டு. 6174ஐப் பதினெட்டால் வகுத்தால் 343, மீதி 0. 343ஐ வகுத்தால் 19, மீதி 1. 19ஐ வகுத்தால் 1, மீதி 1. இறுதியில் 1. ஆகவே 1110. மூன்று ஒன்றுகளும் ஒரு சுழியும்! பதினெட்டும், பதினெட்டின் இருபடியாகிய 324உம், முப்படியாகிய 5832உம் சேர்ந்தால் 6174 என்பதே இதன் பொருள். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். எந்த நாட்டிலும் எவரும் பதினெட்டால் எண்ணியதாகத் தெரியாவிட்டாலும், இந்த உண்மை அந்த எண்ணுக்குள் இருந்துகொண்டுதான் இருந்தது. ஐந்தின் அடிமானத்தில் இதே எண் 144144 என்று வருகிறது, 144 இருமுறை. அதையும் வீட்டில் சரிபாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் பள்ளியில் கற்ற குறுக்கு வழிகள் பல, எண்ணைப் பற்றியவை அல்ல, எழுத்தைப் பற்றியவை. கடைசி இலக்கம் இரட்டைப்படையானால் எண்ணும் இரட்டைப்படை என்று கற்றோம். ஏழின் அடிமானத்தில் பதின்மூன்றை 16 என்று எழுத வேண்டும். ஆறில் முடிந்தாலும் பதின்மூன்று ஒற்றைப்படைதான். பதின்மூன்று பழங்களை இருவருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது; அதை எந்த முறையில் எழுதினாலும் முடியாது. ஒற்றை, இரட்டை என்பது எண்ணின் குணம். கடைசி இலக்கத்தைப் பார்க்கும் விதி எழுத்தின் வசதி. இலக்கங்களைக் கூட்டி வருவது ஒன்பதால் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்ற விதியும் அப்படியே. பத்து என்பது ஒன்பதைவிட ஒன்று மிகை. அதனால்தான் அந்த விதி செல்லுகிறது. எட்டின் அடிமானத்தில் அந்தப் பெருமை ஏழுக்குச் சேரும், பன்னிரண்டில் பதினொன்றுக்கு. காரணம் தெரிந்துவிட்டால் விதியை நெட்டுருப் போட வேண்டியதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொண்டாலும் போதும்.

இப்போது காப்ரேக்கர் கேள்விக்கு வருவோம். அடுக்கிக் கழிக்கும் வேலையை வேறு அடிமானத்தில் செய்தால் 6174 வருமா? வராது. எட்டின் அடிமானத்தில் 6174 என்னும் எண்ணே ஐந்திலக்கமாகி 14036 என்று ஆகிவிடுகிறது. அங்கே நான்கிலக்க எண்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். எட்டின் முறையில் 6152 என்று எழுதிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 6521இலிருந்து 1256ஐக் கழிக்க வேண்டும். கடன் வாங்கும்போது பத்து வராது, எட்டே வரும் என்பதை மறவாதீர்கள். விடை 5243. அடுத்து 5432இலிருந்து 2345 போக 3065. அடுத்து 6530இலிருந்து 0356 போக மீண்டும் 6152! செக்குமாடு போல இம்மூன்று எண்களும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றனவேயன்றி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஐந்தின் அடிமானத்திலோ நிற்கிறது. அங்கே எல்லா நான்கிலக்க எண்களும், இலக்கங்கள் நான்கும் ஒன்றாயிருப்பவை நீங்கலாக, 3032 என்பதில் வந்து முடிகின்றன. அது நம் கணக்கில் 392. ஆக, பத்தில் 6174 பெற்ற சிம்மாசனத்தை ஐந்தில் 392 பெற்றுள்ளது. எட்டில் சிம்மாசனமே இல்லை.

ஆகவே, எல்லா எண்களும் வந்து சேரும் இடம் என்னும் சிறப்பு, 6174உம் பத்தின் அடிமானமும் சேர்ந்து பெற்றது. எண்ணுக்கு மட்டும் உரியதன்று. இதனால் காப்ரேக்கரின் புகழ் குறைந்துவிடுமா என்றால், என் கருத்தில் குறையாது. எந்த அடிமானத்தில் நிற்கும், எதில் சுற்றும் என்ற கேள்வி அவர் போட்ட கோலத்திலிருந்தே பிறந்தது. பின்னர் கணித அறிஞர்கள் அதை முறையாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர்.

காப்ரேக்கர் பெயரிட்ட இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்ணை ‘ஹர்ஷத் எண்’ என்றார். மகிழ்ச்சி தரும் எண் என்று பொருள். 6174இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. பதினெட்டால் வகுத்தால் 343. எனவே அது ஹர்ஷத் எண். எட்டின் முறையில் கூட்டுத்தொகை 14, வகுத்தால் 441. அங்கும் மகிழ்ச்சிதான். இரண்டு, ஐந்து, ஏழு, பதினெட்டு ஆகியவற்றிலும் வகுபடுகிறது. பன்னிரண்டின் முறையில் இடங்களில் வருபவை 3, 6, 10, 6, கூட்டினால் 25, 6174 இருபத்தைந்தால் வகுபடாது. மகிழ்ச்சி அங்கே நின்றுவிடுகிறது. இதனால் யாருக்கும் கேடில்லை. காப்ரேக்கர் அதை ஓர் இனிய பெயராகவே வைத்தார், எவர் வாழ்வையும் அதனோடு முடிச்சுப் போடவில்லை.

முடிச்சுப் போடுவோர் வேறு இருக்கின்றனர். எண் சோதிடம் என்று கடை விரித்து, பிறந்த தேதியின் இலக்கங்களைக் கூட்டி, வந்ததை மறுபடியும் கூட்டி, எஞ்சிய ஒற்றை இலக்கத்தைக் கொண்டு பெயரை மாற்றச் சொல்கின்றனர். திருமணத்தைத் தள்ளிப்போடச் சொல்கின்றனர். எட்டாம் எண் என்று ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லி அஞ்ச வைக்கின்றனர். நம் தெருக்களிலும் இதற்குக் கூலிப் பணத்தை எடுத்துக் கொடுப்போர் உண்டு. அவர்கள் முறையிலேயே 6174ஐக் கூட்டிப் பார்க்கிறேன். பத்தின் எழுத்தில் 18. ஒன்றும் எட்டும் ஒன்பது. எட்டின் எழுத்தில் கூட்டுத்தொகை பதினான்கு. பதினான்கை அந்த முறையில் 16 என்று எழுத வேண்டும். ஒன்றும் ஆறும் ஏழு. பன்னிரண்டின் எழுத்தில் இருபத்தைந்து. அது அம்முறையில் 21. இரண்டும் ஒன்றும் மூன்று. ஒரே எண்ணுக்கு ஒன்பது, ஏழு, மூன்று என்று மூன்று விதிகள்! மனிதனுக்குக் கைக்கு நான்கு விரலே இருந்திருந்தால் அந்தச் சோதிடர் நவக்கிரகத்தில் வேறொன்றைக் காட்டியிருப்பார். அவரிடம் போக நினைப்பவர்கள் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஐயா, எந்த அடிமானத்தில் கூட்டினீர்கள்?

எந்த அடிமானத்தில் எழுதினாலும் 6174 இரட்டைப்படை எண்தான். அது ஏழால் வகுபடும், பதினொன்றால் வகுபடாது. அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள், ஒன்றும் அதுவும் உட்பட, இருபத்து நான்கு. கூட்டவோ குறைக்கவோ எவராலும் ஆகாது. இவை எண்ணுக்குச் சொந்தம்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் அவர்கள் குறிப்புக் காட்டுகிறார்கள். மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்து அமர்கிறேன். நான்கிலக்க எண்கள் ஐந்தின் அடிமானத்தில் ஓரிடத்தில் நின்றன, எட்டில் சுற்றின என்று கண்டோம். மூன்றிலக்க எண்களை எடுத்துக்கொண்டு அதே அடுக்கிக் கழிக்கும் வேலையைச் செய்யுங்கள். எட்டின் அடிமானத்தில் எல்லாம் 374 என்பதில் வந்து நிற்கும். ஐந்தின் அடிமானத்திலோ 143, 242 என்னும் இரண்டுக்கும் இடையே ஊஞ்சலாடும். முன்பு நின்றது இப்போது ஆடுகிறது, முன்பு சுற்றியது இப்போது நிற்கிறது. பத்தின் அடிமானத்தில் எது வரும் என்பதைப் போட்டுப் பாருங்கள். அதன்பின் ஆறு, ஏழு, ஒன்பது ஆகியவற்றிலும் போடுங்கள். எவை நிற்கின்றன, எவை ஆடுகின்றன என்று ஒரு பட்டியல் எழுதி, காரணத்தையும் நீங்களே கண்டுபிடித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள். கரும்பலகை அங்கே இருக்கிறது, சுண்ணக்கட்டி நான் கொண்டு வருகிறேன்.